எல்லைக் கோட்டில் நிற்கும் சிக்னல்

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத் தமிழ் வீடுகளில் டிவி மௌனமானால் கூரையில் ஏறுவது மட்டும் போதாது. பழுதின் பாதி வேறு இடத்தில் இருக்கிறது.

பாறசாலையிலிருந்து தேசிய நெடுஞ்சாலையில் தெற்கே இறங்கினால் இஞ்சிவிளையோடு கேரளம் முடிந்துவிடும். அடுத்து வரும் களியக்காவிளை தமிழ்நாடு. வெள்ளறடை, பனச்சமூடு, குன்னத்துக்கால், காரக்கோணம், கடலோரத்தில் பொழியூர் என்று நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் எல்லை நெடுகத் தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசுகின்றன. 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழகத்துக்கு வந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. அந்தக் கோடு பள்ளியையும் நீதிமன்றத்தையும் ரேஷன் கடையையும் பிரித்தது. தொலைக்காட்சியைப் பிரிக்க மட்டும் அதற்கு அறுபது ஆண்டுகள் ஆயின. அதைப் பிரித்தது அரசியல் இல்லை, டிஜிட்டல் மாற்றம். இன்று இந்த ஊர்களில் ஒரு தமிழ்ச் சேனல் வராமல் போனால் வயரும் டிஷ்ஷும் மட்டுமே காரணம் என்று நினைப்பது பழைய காலத்துப் பழக்கம். கிணறு வற்றியதா, கயிறு அறுந்ததா, கிணற்றடிக் கதவைப் பூட்டிவிட்டார்களா என்று பார்க்காமல் வாளியை மாற்றிப் பயனில்லை. சிக்னல், கருவி, அனுமதி என்ற மூன்றில் எங்கே பழுது என்று பிரித்தறிவதே இன்றைய முதல் வேலை. மூன்றாவதில் இருக்கும் பழுதுதான் எல்லைத் தமிழரை அதிகம் வாட்டுகிறது. நடப்பு விதிகளுக்கு உள்ளேயே அதைச் சரிசெய்யவும் முடியும்.

அலைக்குத் தாலுகா தெரியாத காலம்

அனலாக் ஒளிபரப்பில் குறைகள் நிறைய. படத்தில் புள்ளி விழும், நிழல் படியும், காற்றடித்தால் ஆன்டெனா திரும்பிக்கொள்ளும். ஆனாலும் அது எல்லையை மதிக்காத ஊடகம். இலங்கை ரூபவாஹினி 1982-ல் தொடங்கியபோது, குமரி முதல் தூத்துக்குடி வரை கரையோர வீடுகள் உயரமான கம்பத்தில் ஆன்டெனா கட்டி அதைப் பார்த்தன. யாரும் அனுமதி கேட்கவில்லை, யாரும் பேக் போடவில்லை. திருவனந்தபுரம் தூர்தர்ஷன் 1985 ஜனவரி 1-ல் மலையாள ஒளிபரப்பைத் தொடங்கிய பிறகு நெய்யாற்றின்கரையிலும் பாறசாலையிலும் அது எளிதாகக் கிடைத்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் மார்த்தாண்டம் வட்டாரத்திலும் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. பிறகு கேபிள் வந்தது. ஊருக்கு ஒரு கேபிள்காரர், அவர் வீட்டு மொட்டைமாடியில் பெரிய டிஷ்கள், கீழே ஒரு சின்ன அறை. தெருவில் ஐம்பது வீடுகள் ஒரு தமிழ்ச் சேனலைக் கேட்டால், அது இலவசச் சேனலாக இருக்கும் பட்சத்தில், அவரே ஒரு டிஷ்ஷைத் திருப்பி ஒரு மாடுலேட்டரைச் சேர்த்துக் கொடுத்துவிடலாம். முடிவு எடுப்பவர் கூப்பிடு தூரத்தில் இருந்தார். சேனல் வராவிட்டால் நேரில் போய்ச் சண்டை போடவும் முடிந்தது.

கேபிள் தொலைக்காட்சிச் சட்டம் 2011 இறுதியில் திருத்தப்பட்டதும் இந்த ஏற்பாடு மாறத் தொடங்கியது. சென்னை உள்ளிட்ட பெருநகரங்களுக்கு 2012 அக்டோபர் 31, அடுத்த 38 நகரங்களுக்கு 2013 மார்ச் 31 என்று கெடு வைத்தார்கள். அந்த 38-ல் கேரள நகரம் ஒன்றுகூட இல்லை. மூன்றாம் கட்டத்தில் மீதி நகர்ப்புறங்கள், நான்காம் கட்டத்தில் கிராமங்கள். இதனால் நகராட்சியான நெய்யாற்றின்கரை மூன்றாம் கட்டத்திலும் கிராமப் பஞ்சாயத்தான பாறசாலை நான்காம் கட்டத்திலும் விழுந்தன. கெடு பலமுறை தள்ளிப்போய் முறையே 2017 ஜனவரி 31, மார்ச் 31 என்று முடிந்தது. அதோடு கேபிள்காரரின் மொட்டைமாடி அறைக்கு வேலை இல்லாமல் போயிற்று. சேனல்களைச் சேர்த்து, பூட்டி, அனுப்பும் தலைமைக் கட்டுப்பாட்டு அறை தொலைவிலுள்ள பெரிய நிறுவனத்தின் கைக்குப் போனது. உள்ளூர்க்காரரிடம் மிஞ்சியது வயரும் வசூலும். வானொலிக் கோபுரம் போல நின்ற தூர்தர்ஷனின் தரைவழி அனலாக் ஒளிபரப்பிகளும், எல்லைப் பாதுகாப்பு போன்ற காரணங்களுக்காக வைத்துக்கொண்ட சில தவிர, 2022 மார்ச்சுக்குள் படிப்படியாக நிறுத்தப்படும் என்று பிரசார் பாரதி அறிவித்தது. தரைவழியிலேயே டிஜிட்டல் ஒளிபரப்பு 2016-ல் 16 நகரங்களில் தொடங்கியது. அந்தப் பட்டியலில் சென்னையும் பெங்களூரும் உண்டு, திருவனந்தபுரம் இல்லை. ஆகவே எல்லையோர வீட்டுக்கு இன்று இருக்கும் வழிகள் மூன்று: கேபிள் பாக்ஸ், கட்டண டிடிஎச், இலவச டிடி ஃப்ரீ டிஷ்.

கூரையில் தேட வேண்டியது

முதலில் உண்மையான சிக்னல் பழுதைப் பார்ப்போம். டிஜிட்டலின் குணம் அனலாக்குக்கு நேர் எதிர். அனலாக்கில் சிக்னல் குறையக் குறையப் படம் மெல்ல மங்கும், பார்க்கிறவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். டிஜிட்டலில் சிக்னல் ஓரளவு குறையும் வரை படம் பளிச்சென்றே இருக்கும். ஓர் எல்லையைத் தாண்டியதும் கட்டம் கட்டமாகச் சிதறும், உறையும், பிறகு திரை கறுத்துப்போகும். நேற்று வரை நன்றாக இருந்த டிவி இன்று திடீரென்று போய்விட்டது என்று வீடுகளில் சொல்வது இதனால்தான். உண்மையில் அது பல மாதங்களாக விளிம்பில் ஓடிக்கொண்டிருந்திருக்கும். பாக்ஸின் மெனுவுக்குள் சிக்னல் வலு, சிக்னல் தரம் என்று இரண்டு பட்டைகள் இருக்கும். வலு நிறைய இருந்தும் தரம் குறைவாக இருந்தால் இணைப்பு மோசம் என்றோ, டிஷ் வேறு செயற்கைக்கோளைப் பார்க்கிறது என்றோ பொருள். பூஸ்டர் வாங்கி மாட்டினால் வலுப் பட்டை உயரும், தரம் அப்படியே இருக்கும், காசு போனதுதான் மிச்சம்.

ஃப்ரீ டிஷ் ஒளிபரப்பு ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து, கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையிலிருந்து வருகிறது. பாறசாலையிலிருந்து கணக்கிட்டால் டிஷ் நோக்க வேண்டிய திசை வடக்கிலிருந்து வலமாகச் சுமார் 116 பாகை, அதாவது கிழக்குக்கும் தென்கிழக்குக்கும் நடுவே. ஏற்றக் கோணம் சுமார் 68 பாகை, கிட்டத்தட்ட தலைக்கு மேல். வீடுகளில் மாட்டும் ஆஃப்செட் டிஷ் அதைவிடத் தாழ்வாக நோக்குவது போலக் கண்ணுக்குத் தெரியும். அதன் வடிவமே அப்படி. கண்ணால் பார்த்து இன்னும் நிமிர்த்தினால் சிக்னல் போய்விடும். இந்த உயரக் கோணத்தில் ஒரு நன்மையும் உண்டு. கிழக்கே இருக்கும் மலையும் குன்றும் எதையும் மறைக்காது. பதினைந்து மீட்டர் தென்னையும் ஆறு மீட்டருக்கு அப்பால் நின்றால் தொந்தரவு செய்யாது. ஆறு மீட்டருக்குள் நிற்கும் தென்னையும், கூரைமேல் சாய்ந்து வளரும் ரப்பர்க் கிளையும்தான் எதிரி. டிஷ் மாட்டிய வருடம் கன்றாக இருந்த மரம் இன்று குடை விரித்திருக்கும். சேனல் போனால் முதலில் நிமிர்ந்து அந்தத் திசையைப் பார்க்க வேண்டும்.

அடுத்தது மழை. தென் திருவிதாங்கூருக்கு இடவப்பாதியும் உண்டு, துலாவர்ஷமும் உண்டு. டிடிஎச் பயன்படுத்தும் கேயு அலைவரிசையைக் கனமழை உறிஞ்சிவிடும். கொட்டும் மழையில் படம் போய், மழை ஓய்ந்ததும் தானே திரும்பினால் எதையும் தொடத் தேவையில்லை. லேசான தூறலுக்கே படம் போகிறது என்றால் டிஷ் சற்று விலகியிருக்கிறது, வெயில் நாளிலேயே விளிம்பில்தான் ஓடியிருக்கிறது என்று அறியலாம். மழை விட்டு இரண்டு நாள் கழித்தும் படம் வராவிட்டால் தண்ணீர் வயருக்குள் இறங்கிவிட்டது. டிஷ்ஷின் முன் நிற்கும் எல்என்பி முனையில் எஃப் கனெக்டரைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே பச்சை பூத்திருக்கும், செம்புக் கம்பி கறுத்திருக்கும். பொழியூர் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று இதை இன்னும் விரைவாகச் செய்யும். அந்த முனையை வெட்டி எறிந்து, புதிய கனெக்டர் போட்டு, வயர் கனெக்டருக்குக் கீழே சற்றுத் தொங்கி வளைந்து ஏறும்படி விட்டால் நீர் உள்ளே வழியாது. துலாவர்ஷ மாலைகளில் இடி முழங்கத் தொடங்கும் முன் மின்சாரப் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது. டிஷ் வயரையும் பாக்ஸிலிருந்து கழற்ற வேண்டும். மின்னல் அந்த வழியாகவும் உள்ளே வரும்.

கேபிள் வீடுகளில் தேட வேண்டிய இடம் வேறு. அனலாக் காலத்தில் இழுத்த மெல்லிய வயரும், நடுவில் முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய இணைப்பும், இரண்டாவது டிவிக்காகப் போட்ட ஸ்பிளிட்டரும் அப்போது ஓரளவு ஓடின. டிஜிட்டலில் ஓடாது. இரண்டு வழி ஸ்பிளிட்டர் ஒவ்வொரு வழிக்கும் பாதிச் சக்தியைத்தான் விடும். நல்ல ஆர்ஜி-6 வயரே நூறு மீட்டருக்கு உயர் அலைவரிசைகளில் ஏறக்குறைய 20 டெசிபல் தின்றுவிடும், நூற்றில் ஒரு பங்குதான் மறுமுனைக்குப் போய்ச் சேரும். இங்கே எல்லா வீட்டுக்கும் உதவும் ஒரு சோதனை உண்டு. எல்லாச் சேனலும் போனால் வயரையும் டிஷ்ஷையும் பாருங்கள். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத பத்துப் பதினைந்து சேனல்கள் சேர்ந்து சிதறினால் அவை ஒரே அலைவரிசையில் வருபவை. அந்த அலைவரிசையைத் தின்னும் கனெக்டரைத் தேடுங்கள். பக்கத்துச் சேனல்கள் பளிச்சென்று இருக்க ஒரே ஒரு சேனல் மட்டும், அல்லது குறிப்பிட்ட ஒரு மொழிச் சேனல்கள் மட்டும், வரவில்லை என்றால் கூரையை விட்டு இறங்கிவிடுங்கள். பழுது அங்கே இல்லை.

பூட்டியிருக்கும் கதவு

அந்த மூன்றாவது வகைதான் எல்லை வீடுகளின் தனிச் சிக்கல். செட்டாப் பாக்ஸ் என்பது ஒரு நிறுவனத்தின் பூட்டு. ஒரு நிறுவனத்தின் பாக்ஸ் இன்னொன்றின் வயரில் வேலை செய்யாது. எந்தப் பாக்ஸும் எங்கும் இயங்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2020 ஏப்ரலில் அரசுக்குப் பரிந்துரைத்தது. தமிழக அரசு கேபிள் 2017-ல் டிஜிட்டல் உரிமம் பெற்று அந்த ஆண்டே இலவசப் பாக்ஸ்களைக் கொடுக்கத் தொடங்கியது. அதன் வயர் தமிழ்நாட்டு எல்லையோடு நின்றுவிடும். 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வி டிவி அந்த அரசு கேபிளில் 200-வது எண்ணில் வந்தது. களியக்காவிளையில் பட்டனை அழுத்தினால் வருவது இஞ்சிவிளையில் வராது. கொரோனா காலத்தில் இதன் அருமை புரிந்தது. கேரளத்தில் 2020 ஜூன் 1 அன்று அரசுக் கல்விச் சேனலான விக்டர்ஸில் ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகள் தொடங்கின. பாராட்ட வேண்டிய முயற்சி அது. ஆனால் முதன்மை ஒளிபரப்பு மலையாளவழிப் பாடங்களுக்கே அமைந்தது. தமிழ்வழி, கன்னடவழிப் பாடங்கள் யூடியூப், உள்ளூர்க் கேபிள் என்று வேறு வழிகளில் போயின. தமிழகச் சேனலும் எட்டாது, தன் மாநிலச் சேனலிலும் தன் மொழி முதல் இடத்தில் இல்லை. இரண்டு கூரைக்கும் நடுவில் நின்று நனைவதுதான் எல்லைப் பிள்ளைகளுக்கு மிஞ்சியது.

இந்தக் கதவை யாரும் வஞ்சம் வைத்துப் பூட்டவில்லை. கணக்கு பூட்டியது. டிராய் 2017-ல் வகுத்த இணைப்பு விதிகள் ஒவ்வொரு கேபிள், டிடிஎச் நிறுவனமும் தன் ‘இலக்குச் சந்தை’ எது என்று அறிவிக்கச் சொல்கின்றன. ஒரு சேனல் அந்தச் சந்தையில் இடம் பெற விரும்பினால் கடத்துக் கட்டணம் கொடுக்க வேண்டியிருக்கும். சந்தாதாரர்களில் 20 சதவீதம் பேர் அதை எடுத்திருந்தால் கட்டணம் இல்லை. சதவீதம் குறையக் குறையக் கட்டணம் ஏறும். ஆறு மாதம் தொடர்ந்து 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் சேனலையே எடுத்துவிட நிறுவனத்துக்கு அனுமதி உண்டு. சந்தை என்பது முழு மாநிலமாக இருக்கும்போது இந்த விதி எல்லை ஊருக்கு என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். காசர்கோடு முதல் பாறசாலை வரை ஒரே கூட்டலில் எண்ணினால் சில பஞ்சாயத்துகளின் தமிழ் வீடுகள் எந்தக் காலத்திலும் 5 சதவீதத்தைத் தொடாது. வெள்ளறடையில் தமிழ்ச் செய்திச் சேனல் கேட்கும் வீடுகள் எத்தனை இருந்தாலும், மாநிலக் கணக்கில் அவை கண்ணுக்கே தெரியாது. சிறுபான்மை சிறுபான்மையாக இருப்பதே, அதன் சேனலை நிறுத்துவதற்குக் காரணமாகிவிடுகிறது.

எதிர்க்கேள்விகளுக்குப் பதில்

கேரளத்து எந்தப் பாக்ஸிலும் பெரிய தமிழ்ப் பொழுதுபோக்குச் சேனல்கள் கிடைக்கின்றனவே, பிறகு என்ன குறை என்று கேட்கலாம். கிடைக்கின்றன, உண்மை. கேரளம் முழுக்கத் தமிழ்ப் படங்களுக்கு ரசிகர்கள் இருப்பதால் அவை கணக்கைத் தாண்டிவிடுகின்றன. ஆனால் சீரியலும் சினிமாவும் கிடைப்பதை வைத்து ஒரு மொழிச் சமூகத்துக்கு எல்லாம் கிடைத்துவிட்டது என்று சொல்ல முடியாது. செய்தி, கல்வி, விவசாயம், வானிலை ஆகியவைதான் வாழ்க்கைக்கு நெருக்கமானவை. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் அரசோடு கடிதம் எழுதும் உரிமையைத் தந்தது. எழுதும் உரிமையை மதித்த மாநிலம் கேட்கும், பார்க்கும் வசதியைப் பற்றியும் கவலைப்படுவது நியாயமான அடுத்த படி.

இப்போது எல்லாம் செல்போனில்தானே என்பது அடுத்த கேள்வி. இதில் பாதி உண்மை உண்டு. தமிழ்ச் செய்திச் சேனல்கள் பல யூடியூபில் நேரலையாகவே வருகின்றன, இளையவர்கள் அங்கேதான் பார்க்கிறார்கள். ஆனால் முற்றத்து நாற்காலியில் உட்கார்ந்து மாலைச் செய்தி கேட்கும் முதியவருக்கும், டேட்டா தீர்ந்தால் அடுத்த ரீசார்ஜுக்குக் காத்திருக்கும் குடும்பத்துக்கும் டிவிதான் பொதுவான திரை. 2017 நவம்பர் 30-ஐ நினைத்துப் பாருங்கள். ஒக்கிப் புயல் குமரிக்குத் தெற்கே கடந்தபோது நீரோடி, தூத்தூர், பொழியூர், பூந்துறை, விழிஞ்ஞம் என்று எல்லைக்கு இரண்டு பக்கமும் மீனவர்கள் கடலில் மாண்டார்கள். ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தவரை எந்தத் திரையும் எட்டியிருக்காது என்பது மெய்தான். கரையில் இருந்தவர்களுக்கும் தேடிக் காத்திருந்த குடும்பங்களுக்கும் இரண்டு மாநிலச் செய்தியும் தேவைப்பட்டது. ஒரே கடலில் ஒரே நாளில் இறங்குகிறவர்களுக்கு ஒரு மாநிலத்தின் தகவல் மட்டும் போதாது.

சிலருக்காக ஒரு நிறுவனம் ஏன் நட்டப்பட வேண்டும் என்பதே வலுவான கேள்வி. வணிகத்தை அறத்தால் மட்டும் நடத்த முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நட்டப்படும்படி இங்கே யாரும் கேட்கவில்லை. டிராய் 2020-ல் செய்த திருத்தம் கேபிள் நிறுவனங்களின் இலக்குச் சந்தை ஒரு மாநிலத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது என்றது. சிறிதாக இருக்கக் கூடாது என்று சொல்லவில்லை. நெய்யாற்றின்கரைத் தாலுகாவைத் தனிச் சந்தையாக அறிவித்தால், மாநிலக் கூட்டலில் காணாமல் போன தமிழ் வீடுகள் அந்தக் கணக்கில் கண்ணுக்குத் தெரியும் எண்ணிக்கையாகிவிடும். அதே விதி, அதே 5 சதவீதம், அளக்கும் தட்டு மட்டும் சிறிது. பாக்ஸ்களைப் பகுதிவாரியாகப் பிரித்துச் சேனல் திறப்பது டிஜிட்டல் முறையில் இயல்பாகச் செய்யக்கூடிய வேலை. பூட்டத் தெரிந்த கருவிக்குத் திறக்கவும் தெரியும்.

என்ன செய்யலாம்

வீட்டுக்காரர் செய்ய வேண்டியது முதலில் வகை பிரிப்பது. திரையில் வரும் வாசகத்தைப் படியுங்கள். ‘சிக்னல் இல்லை’ என்றால் கூரை. ‘சந்தா இல்லை’ என்ற பொருளில் ஏதாவது வந்தால் பேக். சேனலே பட்டியலில் இல்லை என்றால் எண் மாறியிருக்கிறதா என்று தமிழ்ச் சேனல்களின் தொகுப்பில் தேடுங்கள். ஒரே வகை, ஒரே மொழிச் சேனல்களை அடுத்தடுத்த எண்களில் வைக்க வேண்டும் என்பது விதி. பேக்கை நிறுவனம் கொடுத்தபடியே ஏற்க வேண்டியதில்லை. 2019 பிப்ரவரி முதல் வேண்டிய சேனலைத் தனித்தனியாகக் கேட்டு வாங்கும் உரிமை சந்தாதாரருக்கு இருக்கிறது. முதல் நூறு சேனல்களுக்கு அப்போது 130 ரூபாயும் வரியும் என்று உச்சவரம்பு வைத்தார்கள், 2024-ல் அந்த வரம்பு தளர்ந்தது. தனியாக வாங்கும் உரிமை தளரவில்லை. கேரளத் தொகுப்பில் தேவையற்ற சேனல்களைக் கழித்துத் தமிழ்ச் செய்திச் சேனலைச் சேர்க்கச் சொல்லிக் கேபிள்காரரிடம் எழுத்தில் கொடுங்கள். வாய்மொழியாகச் சொன்னது கணக்கில் ஏறாது.

தூர்தர்ஷன் விஷயத்தில் கெஞ்ச வேண்டியதே இல்லை. கேபிள் சட்டத்தின் எட்டாம் பிரிவின்படி அறிவிக்கப்பட்ட தூர்தர்ஷன் சேனல்களை ஒவ்வொரு டிஜிட்டல் கேபிளும் காட்டியே ஆக வேண்டும். பொதிகை என்று அறியப்பட்டு, 2024 ஜனவரியில் டிடி தமிழ் என்று பெயர் மாறிய சேனலும் அதில் அடங்கும். பாறசாலைப் பாக்ஸில் டிடி தமிழ் இல்லை என்றால் அது சட்ட மீறல். அந்தச் சட்டத்தில் அதிகாரம் பெற்ற அலுவலர்களில் மாவட்ட ஆட்சியரும் ஒருவர், மனு அவரிடம் போகலாம். மாதக் கட்டணம் கட்ட இயலாத வீட்டுக்கு ஃப்ரீ டிஷ் நல்ல வழி. அதில் டிடி தமிழும் டிடி மலையாளமும் யார் அனுமதியும் இன்றி வரும். தென்மொழித் தனியார் சேனல்கள் அதில் மிகக் குறைவு என்பதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

தனி வீட்டால் முடியாததைப் பஞ்சாயத்தால் முடியும். பாறசாலை, குன்னத்துக்கால், வெள்ளறடை போன்ற பஞ்சாயத்துகள் எந்தெந்தத் தமிழ்ச் சேனல்கள் எத்தனை வீடுகளுக்குத் தேவை என்று கிராமசபையில் கணக்கெடுத்துத் தீர்மானம் போடட்டும். அந்த எண்ணிக்கையோடு நிறுவனங்களிடமும் டிராயிடமும் தாலுகா அளவிலான இலக்குச் சந்தையைக் கேட்கட்டும். இரண்டு அரசுகளும் தங்கள் கல்விச் சேனல்களை எல்லைத் தாலுகாக்களில் பரிமாறிக்கொள்ள உடன்படட்டும். குமரி மாவட்டத்தில் மலையாளம் பேசும் குடும்பங்களுக்கு விக்டர்ஸும், நெய்யாற்றின்கரைத் தமிழ்க் குடும்பங்களுக்குக் கல்வி டிவியும் கிடைத்தால் யாருக்கும் இழப்பில்லை. கனெக்டர் துருவை வீட்டுக்காரரே வெட்டி எறிந்துவிடுவார். விதியின் கணக்கைத் திருத்தும் வேலை அரசுக்கும் நிறுவனத்துக்கும் உரியது. அதை அவர்கள் செய்யும் வரை கிராமசபையின் கோரிக்கை ஓயக் கூடாது.